வெள்ளியில் செல்லம் ஆறு

கல்யாணமாகித் தெப்ராவ் என்ற ஊரில் குடியேறியதும் மதிவாணனும் பிரேமலாவும் முதலில் வாங்கிய சாமான் ஒரு மேசை. கட்டில் அடுத்த மாதம்தான் வந்தது. கூடத்தில் பாதியை மேசையே விழுங்கிக்கொண்டது. பார்க்க வந்த உறவுக்காரர்கள், ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மேசை என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டை அதில் வைக்க இடம் தேடுவார்கள். இடம் இருக்காது. மேசை முழுக்க வெள்ளிக் கிரகம் விரிந்து கிடக்கும்.

மதிவாணன் கட்டடம் கட்டும் இடங்களில் மண்ணைத் துளைத்துப் பார்க்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தான். பிரேமலா தனியார் கல்லூரியில் புவியியல் ஆசிரியை. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகவே கெட்டுப்போனவர்கள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் வெள்ளியின் தரையைத் துண்டு துண்டாகப் பிரித்து நிலவியல் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தது. படிக்கிற காலத்தில் பழக்கமான பேராசிரியர் ஒருவர் அதில் ஒரு துண்டை இவர்களிடம் கொடுத்தார். அன்றிலிருந்து சனி, ஞாயிறு என்று இவர்களுக்கு எதுவும் கிடையாது.

வெள்ளியைச் சுற்றி எந்நேரமும் மேகம். எந்தக் கேமராவுக்கும் தரை தெரியாது. முப்பது வருடங்களுக்கு முன் ஒரு விண்கலம் அதைச் சுற்றிவந்து, மேகத்தைத் துளைத்துப் போகும் ரேடார் அலைகளைச் சாய்வாக அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியைப் படமாக்கியது. தரையை மீ நூடுல்ஸ் மாதிரி நீளநீளப் பட்டைகளாக எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்கள். ரேடார் வந்த திசையைப் பார்த்த சரிவு வெளுத்துத் தெரியும். முதுகைக் காட்டிய சரிவு கறுத்துத் தெரியும். அந்த வெளுப்பையும் கறுப்பையும் வைத்துத்தான் எது மேடு, எது பள்ளம், எது எரிமலைக் குழம்பு ஓடி உறைந்தது, எது நிலம் பிளந்தது என்று சொல்ல வேண்டும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒளி, அதாவது இங்கே ரேடார், இடப்பக்கமிருந்து வருகிறது என்று கண் ஒருமுறை பழகிவிட்டால், எந்தப் படத்தையும் அப்படித்தான் பார்க்கும். அதே தாளைத் தலைகீழாகத் திருப்பினால் குழியெல்லாம் குமிழாகும், குன்றெல்லாம் குழியாகும். புத்திக்குத் தெரியும், கண் கேட்காது.

இந்த ஆபத்துக்கு மதிவாணன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். அவன் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கோடு போடுவான். பிரேமலா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அதே தாளைத் தலைகீழாகப் பார்ப்பாள். அவள் பக்கத்திலிருந்து எல்லாமே பொய்யாகத் தெரிய வேண்டும். எங்கேயாவது ஓரிடம் மெய்யாகத் தெரிந்தால், கோளாறு அங்கேதான். அவள் சரி என்று சொல்லும்வரை எந்தக் கோடும் உறுதியாகாது. ஊரில் புருசனும் பெண்டாட்டியும் எதிரும் புதிருமாக இருந்தால் சண்டை என்று அர்த்தம். இவர்களுக்கு அதுதான் குடித்தனம்.

வரைபடம் முக்கால்வாசி முடிந்திருந்தபோது மதிவாணனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். சொன்னபோதே காலம் கடந்திருந்தது. கொஞ்ச நாள் மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் இருப்பதே நல்லது என்று அனுப்பிவைத்தார்கள். மேசையில் நிமிர்ந்து உட்கார அவனால் முடியவில்லை. மாடியிலிருந்த படுக்கையறைக்கு ஏறவும் முடியவில்லை. கூடத்திலேயே சுவரோரம் கட்டிலைப் போட்டு, மடிக்கணினியைக் கொடுத்தாள். மிச்சமிருந்த பட்டைகளை அதில்தான் வரைந்தான்.

அப்போதுதான் அவன் அந்த ஆற்றைப் பார்த்தான்.

வடக்கிலிருந்து தெற்காக, ஒரே பட்டைக்குள், நீண்ட நாக்கு ஒன்று கிடந்தது. இடக்கரை வெளுப்பு, வலக்கரை கறுப்பு. சுற்றிலும் நிலம் வெடிப்பு வெடிப்பாகப் பிளந்திருந்தது. அந்த நாக்கின்மேல் மட்டும் ஒரு கீறல் இல்லை. வெடிப்புகளுக்கெல்லாம் பின்னால் வந்து, அவற்றை மூடிக்கொண்டு ஓடிய எரிமலைக் குழம்பு. வெள்ளியின் கணக்கில் நேற்று ஓடியது என்றே சொல்லலாம். இவர்கள் துண்டில் இதுபோல வேறெதுவும் இல்லை.

"பிரேமா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டான். நோய் வந்த பிறகு அவன் குரலில் அப்படி ஒரு தெம்பை அவள் கேட்டதில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவள் தோளில் சாய்ந்துகொண்டு, விரலால் அந்த நாக்கைத் தொட்டுக்கொண்டே போனான்.

"எவ்வளவு நீளம் தெரியுமா? நம்ம தெப்ராவிலருந்து அப்பா வீட்டு வரைக்கும் வரும்."

"சாஆ வரைக்குமா?"

"சாஆ வரைக்கும்லா. பெக்கோக் போற பாதைகூடத் தொட்டுடும்." பிறகு சிரித்தான். "நீ எதிர்ல ஒக்காந்து பாக்கணும். எங்க ஒக்காருவே? சுவரு இருக்கே."

"சுவரு மேலயா ஏற முடியும்? இங்கருந்தே பாக்கறேன்" என்றாள்.

கணினியில் படத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு பொத்தான் போதும். இருவருக்கும் அது தெரியும். அன்றைக்கு இருவரும் அதைத் தொடவில்லை. தோளில் சாய்ந்திருந்த தலையை அசைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆறும் அழகாக இருந்தது.

மகனைப் பார்க்க அர்ச்சுனன் சாஆவிலிருந்து வந்தபோது அவருக்கும் காட்டினான். அவர் லாரி ஓட்டியவர். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு அந்த வட்டாரத்துச் சாலைகளிலேயே வயதானவர். மகன் என்ன வேலை செய்கிறான் என்று அவருக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. ஆனால் தெப்ராவிலிருந்து சாஆ வரை என்றதும் பிடிபட்டுவிட்டது.

"அந்தக் கிரகத்துல எல்லாத்துக்கும் பொம்பளப் பேருதான் வைப்பாங்க, ப்பா" என்றான் மதிவாணன். "பேரு வைக்கறது எங்க கையில இல்ல. ஆனா நாங்க இத செல்லம்னுதான் கூப்புட்டுக்கறோம்."

செல்லம் அவன் அம்மா. அவன் பள்ளிக்கூடத்தில் படிவம் ஐந்து பரீட்சை எழுதிய வருடம் போனவள். அர்ச்சுனன் எழுந்து வாசலுக்குப் போனார். திரும்பி வந்து மகனின் காலைப் பிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு மதிவாணன் அதிக நாள் இருக்கவில்லை. வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். மருந்துக்கு நடுவே விழிப்பு வந்தால் ஆற்றைப் பற்றித்தான் பேசினான்.

அவன் போன பிறகு பிரேமலா அவனுடைய நாற்காலிக்கு மாறினாள். கோடு போட இனி அவள்தான். எதிரே அவளுடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. மிச்சப் பட்டைகளைக் கணினியில் தலைகீழாகத் திருப்பித் திருப்பித் தானே சரிபார்த்தாள். அவன் முடித்துவைத்த பட்டையை மட்டும் திருப்பவில்லை. முடிந்ததை ஏன் தொட வேண்டும் என்று இருந்தது. அமெரிக்காவில் வரைபடத்தை முதலில் பார்வையிட்டவர்கள் அந்த ஆற்றைத்தான் பாராட்டினார்கள். கடைசித் திருத்தம் செய்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

வருசத் திதி வந்தது. அர்ச்சுனன் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். "அந்த மேப்ப பெருசா ஒண்ணு அடிச்சிக் கொண்டாம்மா. அவன் படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்." ஆணிகூட அடித்துவிட்டாராம். சாஆவில் அவர் காலையில் கோப்பித் தண்ணி குடிக்கும் கடையில் ஆறு பற்றித் தெரியாத ஆள் இல்லை என்று கொழுந்தன் யுகேந்திரன் சொன்னான். கடை முதலாளி, சீனத்துத் தவுக்கேகூட, எப்போது படம் வரும் என்று கேட்கிறாராம்.

யுகேந்திரன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன். திதிக்கு முந்தின வார இறுதியில், ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான்களை எடுக்க வந்தான். அச்சடித்து வந்திருந்த தாளை அவனுக்காகப் பிரேமலா மேசையில் விரித்தாள். அண்ணன் போட்டதை அண்ணன் பார்த்தபடியே பார்க்க வேண்டும் என்று அவன் மதிவாணனின் நாற்காலியில் உட்கார்ந்தான். அவளுக்கு இருந்தது எதிர் நாற்காலி. ஒரு வருடத்துக்குப் பிறகு அதில் உட்கார்ந்தாள்.

"எதுண்ணி அந்த ஆறு?"

காட்டக் குனிந்தாள். இங்கிருந்து எல்லாம் பொய்யாகத் தெரிந்தது, தெரிய வேண்டியபடியே. விண்கல் விழுந்த குழிகளெல்லாம் குமிழ் குமிழாகப் புடைத்து நின்றன. ஆற்றுக்குப் பக்கத்தில் மதிவாணன் சிறு எரிமலை என்று குறித்திருந்த ஒரு குமிழ் மட்டும், விளிம்பு எழும்பி, நடுவில் கிண்ணமாய்க் குழிந்து, சுற்றிலும் மண் தெறித்து, அச்சு அசல் விண்கல் குழியாக இருந்தது. பொய்யாகத் தெரிய வேண்டிய தாளில் அது ஒன்று மெய்.

காட்ட நீட்டிய விரலைப் பிரேமலா இழுத்துக்கொண்டாள்.

எழுந்து போய்க் கணினியைத் திறந்தாள். அந்தப் பட்டை எந்தச் சுற்றில் எடுத்தது என்று பார்த்தாள். முதல் சுற்றில் விண்கலம் அந்த இடத்தைத் தவறவிட்டிருந்தது. அடுத்த சுற்றில், மறுபக்கம் சாய்ந்து பார்த்து எடுத்த பட்டையைக் கொண்டுவந்து இட்டு நிரப்பியிருந்தார்கள். ஒட்டுத் தெரியாமல் நிறத்தையும் ஒத்துப்போகச் செய்திருந்தார்கள். துண்டு முழுக்க ஒளி இடப்பக்கமிருந்து வர, அந்த ஒரு பட்டையில் மட்டும் வலப்பக்கமிருந்து வந்தது. அப்படியானால் வெளுத்த கரை மேட்டின் சரிவு அல்ல, பள்ளத்தின் உள்சுவர். வெடிப்புகளை மூடிக்கொண்டு எதுவும் ஓடவில்லை. நிலம்தான் நீளமாக உள்ளே இறங்கியிருந்தது.

ஆறு இல்லை. செல்லம் என்று கூப்பிட்டது ஒரு பள்ளத்தை.

"என்னண்ணி?" என்றான் யுகேந்திரன்.

சொன்னாள். அவன் தாளைத் திருப்பினான், மறுபடி திருப்பினான். "அலமாக்" என்று தலையில் கைவைத்தான். பிறகு, "அங்க இருக்கறவங்களே கண்டுபுடிக்கலயே. விட்டுடுங்கண்ணி. யாருக்கு என்ன நஷ்டம்? அங்க யாரும் போய் வீடு கட்டப் போறதில்ல. அப்பா எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. அவருகிட்ட வேற என்ன இருக்கு?" என்றான்.

"தெரியல, யுகேன்" என்றாள். அதுதான் உண்மை.

அந்த வாரம் அவளுக்குக் கோபம்தான் அதிகம் வந்தது. செத்துப்போனவன்மேல் கோபப்படுவது அசிங்கம் என்று தெரிந்தும் வந்தது. உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாள். அவன் உம்மென்று தாளைப் பிடுங்கிப் பார்ப்பான். மறுநாள் காலையில் பசியாறும்போது தானே சிரித்து, நீ சொன்னதுதான் சரி என்பான். இப்போது சரி என்று சொல்லவும் ஆள் இல்லை, தப்பு என்று சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை. அவன் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்ட கடைசிப் பொருளை இவள் கையாலேயே அழிக்க வேண்டும்.

இது எப்படித் தப்பிப்போனது என்று யோசித்தபோது விடை சுலபமாக இருந்தது. அத்தனை வருடமும் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள், அந்தக் கடைசி நாட்களில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே பக்கமிருந்து பார்த்தார்கள். இருவருக்கும் ஒன்றே தெரிந்தது. அவ்வளவுதான் நடந்தது. அதற்காக அவளால் வருத்தப்பட முடியவில்லை. வருத்தப்படாமலும் இருக்க முடியவில்லை.

அவள் மறந்துவிட முடியாத விஷயம் ஒன்று இருந்தது. வரைபடத்தின் ஓரத்தில் முதல் பெயர் மதிவாணன் அர்ச்சுனன். சந்தேகமாக இருந்த ஒரு கோட்டைக்கூட அவன் விட்டுவைத்ததில்லை. ஒருமுறை இவள் சரி என்று சொன்ன கோட்டையே, நீ அசதியில் சொல்றே என்று அழித்தவன். தெரிந்தே ஒரு பொய்க்குக் கீழே அவன் பெயரை எப்படி வைப்பது?

திதிக்கு இரண்டு நாள் முன்னால், கல்லூரியிலிருந்து வந்ததும், சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து அழித்தாள். குழம்பின் நிறம் போய், பள்ளத்துக்கான கோடுகள் வந்தன. குமிழைக் குழியாக்கினாள். அமெரிக்காவுக்கு விவரம் எழுதி அனுப்பினாள். எல்லாம் முடிய அதிக நேரம் ஆகவில்லை. அது அவளுக்குக் கூடுதலாக வலித்தது. ஓர் ஆற்றை அழிக்க இன்னும் கொஞ்சமாவது நேரம் பிடித்திருக்கலாம்.

திருத்திய தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, படையலுக்குச் சமைக்க முந்தின நாளே சாஆவுக்குக் காரில் போனாள். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் இருபுறமும் செம்பனை. இந்தத் தூரம்தான் என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. சாலை முடியும்வரை அந்த ஞாபகம் கூடவே வந்தது.

அர்ச்சுனன் வாசலிலேயே நின்றிருந்தார். "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டார்; கண் மட்டும் அவள் கையிலிருந்த தாள்சுருளின்மேல் இருந்தது. உள்ளே சுவரில் செல்லத்தின் படம், அதன் பக்கத்தில் மதிவாணன் படம், அதற்கும் பக்கத்தில் வெறும் ஆணி.

சமைத்த பிறகு சொல்லலாம் என்று நினைத்து வந்தவள், ஆணியைப் பார்த்ததும் நின்றபடியே சொல்லிவிட்டாள். "மாமா, அந்த ஆறு இல்ல மாமா. நாங்க தப்பாப் பாத்துட்டோம். அது பள்ளம்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் ஒளி வந்த பக்கத்தைச் சொல்லி விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அங்க உள்ளவங்க கேட்டாங்களா?"

"இல்ல மாமா. நானாத்தான் சொன்னேன்."

"நீ சொல்லலன்னா தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாமலும் போயிருக்கலாம்."

"அப்பறம் ஏம்மா சொன்ன?" ஆணியைப் பார்த்தார். "ஒரு வருசமா அதச் சொல்லித்தானம்மா நான் காலையில வெளிய போறேன். பாவம்னு பாத்தவன்லாம், இப்ப எங்க ஆறுன்னு கேக்கறான். நாளைக்கி நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"அவரு பேரு அதுல இருக்கு மாமா" என்றாள்.

அவர் எழுந்து பின்பக்கம் போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவள் வாங்கி வந்த வாழைக்காயை எடுத்துவைத்து நறுக்கத் தொடங்கினாள். இந்த மனிதரிடமிருந்து எடுத்துக்கொள்ள இன்னும் ஒன்று மிச்சமிருந்தது, அதையும் நானே வந்து எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். "அவனுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது மாமா."

"ஆறுன்னு நெனச்சிக்கிட்டேதான் போனான்."

"ஆமா மாமா. கடைசி வரைக்கும்."

அவர் தலையாட்டினார். பிறகு சாப்பாட்டு மேசையைத் துண்டால் துடைத்தார். "கொண்டாந்தத விரிம்மா. பாப்போம்."

தாளை அவர் பக்கம் நேராக இருக்கும்படி விரித்து, நான்கு மூலையிலும் தம்ளரை வைத்தாள். வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில், மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள்.

"அங்க ஏம்மா போற?" என்றார் அர்ச்சுனன். "இங்க வா. எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நீட்டிய விரலைப் பிடித்து, பட்டையின் தலைப்பில் வைத்தாள். அவர் தடித்த விரல் மெல்லக் கீழே இறங்கியது. "இது சாஆ" என்றார். கொஞ்சம் தள்ளி, "யோங் பெங்" என்றார். ஆயர் ஹீத்தாம், கூலாய் என்று ஒவ்வோர் ஊராக, லாரியில் போவதுபோலவே நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். விரல் போய் நின்ற இடத்தில், "தெப்ராவ். உங்க வீடு" என்றார்.

பிரேமலா பார்த்தாள். நிறத்தை அவளே எடுத்திருந்தாள். கோடுகள் பள்ளம் என்றன. ஆனால் கோட்டுக்கு அடியில் இருந்த ரேடார் படம் பழைய படம்தான். இடக்கரை வெளுத்து, வலக்கரை கறுத்து, அது தரையைவிட்டு எழும்பி, சாஆவிலிருந்து தெப்ராவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கண் கேட்கவில்லை.

"எனக்கு இன்னும் ஆறு மாதிரிதான்மா தெரியுது" என்றார் அர்ச்சுனன், தப்புச் செய்தவர்போல.

ஒரு வருடமாக வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா மாமா" என்றாள். "பக்கத்துல ஒக்காந்து பாத்தா ஆறுதான்."